கர்ப்பப்பை உள்சவ்வு: ஒரே ஈஸ்ட்ரோஜன், இரண்டு ஸ்லைடில் இரண்டு தோற்றம் ஏன்?

கோரிப்பாளையம்_மாணவி

வணக்கம். எம்எல்டி (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) இறுதியாண்டு, இப்போது ஹிஸ்டோபேத் (திசு ஆய்வு) போஸ்டிங். எண்டோமெட்ரியம் (கர்ப்பப்பை உள்சவ்வு) ஸ்லைடு இரண்டை அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததில் எழுந்த சந்தேகம் இது.

ஸ்லைடு 1: ஃபைப்ராய்டு கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுத்த சாம்பிள். சுழற்சியின் 12-ஆம் நாள் என்று ஃபாரத்தில் இருக்கிறது. ரிப்போர்ட்: பெருக்கக் கட்டத்தின் (தீட்டு முடிந்து முட்டை வெளிவரும் வரை சவ்வு வளரும் காலம்) பிற்பகுதி.

ஸ்லைடு 2: நாற்பதைத் தாண்டியவர். இரண்டு மாதம் தள்ளிப்போய், அதன்பின் பெரும்பாடு. டி அண்ட் சி (உள்சவ்வைச் சுரண்டி எடுப்பது) துண்டுகள். ரிப்போர்ட்: ஒழுங்கு குலைந்த பெருக்க நிலை, அட்டிப்பியா (செல்களின் உட்கருவில் இயல்பு மீறிய மாற்றம்) இல்லை.

இரண்டிலும் சுரப்பிச் செல்கள் உயரமாக, உட்கருக்கள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. இரண்டிலும் மைட்டாசிஸ் (செல் பிரிதல்) இருக்கிறது. கேட்டால் "ரெண்டுமே ஈஸ்ட்ரோஜன் வேலைதான்" என்கிறார்கள். அப்படியானால்:

செல்லுக்குள்ளும் சுரப்பியிலும் ஈஸ்ட்ரோஜன் உண்மையில் எதையெல்லாம் மாற்றுகிறது? "உள்சவ்வைத் தடிக்க வைக்கும்" என்ற ஒரு வரிக்கு மேல் பாடத்தில் இல்லை.

ஒரே ஹார்மோன் என்றால் தோற்றம் ஏன் வேறு?

ஸ்லைடு 2-க்கு ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் (ஹார்மோனைப் பிடிக்கும் புரதம்) ஐஎச்சி (அந்தப் புரதம் இருக்கும் இடத்தைப் பழுப்பாகக் காட்டும் ஸ்டெயின்) போட்டதில் ஒரு துண்டு நல்ல பழுப்பு, பக்கத்துத் துண்டு வெளிறிக் கிடக்கிறது. இது ஸ்டெயினிங் கோளாறா, திசுவே அப்படியா?

---

திருநகர்_பேத்

அந்த ஒரு வரி பொய்யில்லைம்மா. ஆனால் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவருக்கு அது போதாது. எந்த அடுக்கு, எந்தச் செல், எத்தனை நாளாக என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்லைடு 1-லிருந்து தொடங்குங்கள். அதில் கர்ப்பப்பைச் சுவர் முழுசாக இருப்பதால் மேல் எது, கீழ் எது என்று தெரியும். தசையை ஒட்டியிருப்பது அடி அடுக்கு. அங்கே சுரப்பிகள் கோணல்மாணலாகக் கிளைத்திருக்கும், ஸ்ட்ரோமா (சுரப்பிகளுக்கு நடுவிலுள்ள திசு) நெருக்கமாக, நீலம் தூக்கலாக இருக்கும். தீட்டில் இது கழிவதில்லை. அதற்கு மேலே, தடிமனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செயல் அடுக்கு. மாதாமாதம் உதிர்ந்து மறுபடி வளர்வதும், ஈஸ்ட்ரோஜனுக்கு முழுசாக அசைந்து கொடுப்பதும் இதுதான்.

தீட்டு முடியும் தறுவாயில் அடி அடுக்கில் மிஞ்சிய சுரப்பிகளின் வாயிலிருந்து எபிதீலியம் (சுரப்பியையும் மேற்பரப்பையும் மூடும் செல் வரிசை) பரவி, 5-ஆம் நாள் வாக்கில் மேற்பரப்பை மூடிவிடும். அப்போது ரத்தத்தில் ஈஸ்ட்ரடயால் (முக்கிய ஈஸ்ட்ரோஜன்) குறைவாகத்தான் இருக்கிறது. ஆக, இந்த முதல் காயம் ஆறும் வேலை ஈஸ்ட்ரோஜனுக்காகக் காத்திருப்பதில்லை. இதைப் பலரும் மாற்றிச் சொல்கிறார்கள். மூடிய பிறகு நடக்கும் வளர்ச்சிதான் ஈஸ்ட்ரோஜனுடையது.

இனி செல்லுக்குள். ஈஸ்ட்ரடயால் கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறு. செல் சவ்வைத் தாண்டிப் போய் உட்கருவில் இருக்கும் ரிசெப்டரோடு சேர்கிறது. எண்டோமெட்ரியத்தில் பெரும்பங்கு ஆல்ஃபா ரிசெப்டருக்கு. பீட்டா ரிசெப்டர் 1996-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இங்கே அதன் பங்கு சிறியது. ஹார்மோன் சேர்ந்ததும் ரிசெப்டரைப் பிடித்து வைத்திருந்த துணைப் புரதங்கள் விலகும், ரிசெப்டர்கள் இரண்டிரண்டாக இணையும், டிஎன்ஏவில் அவற்றுக்கென்றே உள்ள 13 எழுத்து வரிசையில் போய் உட்காரும். செல்லைப் பிரிய வைக்கும் சைக்ளின் புரதங்கள், வளர்ச்சிக் காரணிகள், ரத்தக்குழாயை வளர்க்கும் காரணி, புரோஜெஸ்டிரோன் ரிசெப்டர் என்று வரிசையாக ஜீன்கள் வேலையைத் தொடங்கும். கடைசியாகச் சொன்னதை மனதில் வையுங்கள். தன்னை நிறுத்தப்போகிற ஹார்மோனுக்கான ரிசெப்டரை ஈஸ்ட்ரோஜனே செய்து வைக்கிறது.

இதெல்லாம் கண்ணுக்கு எப்படித் தெரியும்? 4 முதல் 7-ஆம் நாள் வரை சுரப்பிகள் நேரான, ஒடுங்கிய குழாய்கள். செல்கள் குட்டையான தூண்கள். குறுக்குவெட்டில் சின்னச் சின்ன வட்டங்களாக விழும். 8 முதல் 10 வரை குழாய் நீண்டு லேசாக வளையும். ஸ்ட்ரோமாவில் நீர் கோத்து செல்கள் விலகி நிற்கும். அந்த ஸ்ட்ரோமா செல்களில் சைட்டோபிளாசம் சொற்பம் என்பதால் வெறும் உட்கருக்கள் மிதப்பது போலிருக்கும். 11 முதல் 14 வரை சுரப்பி நன்றாக முறுக்கிக்கொள்ளும். நீளம் கூடும் வேகத்துக்குச் சவ்வின் உயரம் கூடுவதில்லை, அதனால் வளைந்தே தீர வேண்டும். தூண்செல்கள் உயர்ந்து, உட்கருக்கள் வெவ்வேறு உயரத்தில் நிற்பதால் பல அடுக்கு போலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் எல்லாச் செல்லும் அடித்தளச் சவ்வில் கால் ஊன்றித்தான் இருக்கும். மைட்டாசிஸ் சுரப்பியிலும் ஸ்ட்ரோமாவிலும் தாராளம். நாள் வாரியாகப் பார்க்கும் இந்த முறை 1950-ல் நோய்ஸ், ஹெர்டிக், ராக் வகுத்தது. பெருக்கக் கட்டத்தில் ஒரு நாள் இரண்டு நாள் துல்லியம் அதில் கிடைக்காது. முற்பகுதி, நடுப்பகுதி, பிற்பகுதி என்று சொன்னால் போதும்.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உட்கருமணி பெரிதாகியிருக்கும், சைட்டோபிளாசத்தில் தனி ரைபோசோம்கள் நிறைந்திருக்கும், மைட்டோகாண்ட்ரியாவும் கோல்கியும் பெருகியிருக்கும். புரதம் தயாரித்து இரண்டாகப் பிரிவதற்குத் தயாராகிற செல்லின் முகம் இது. செல்லின் மேல்முனையில் நுண்விரல்கள் கூடும். சில செல்கள் சிலியா முளைத்துத் தனி வகையாகும், சுரப்பி வாயைச் சுற்றி அதிகமாக. சிலியா முளைப்பதே ஈஸ்ட்ரோஜனின் கையெழுத்து. கிளைகோஜன் குவிவதும் பருத்த மைட்டோகாண்ட்ரியாவும் புரோஜெஸ்டிரோன் கணக்கு. அவற்றை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஸ்லைடு 1-ல் ஈஸ்ட்ரோஜன் எட்டு ஒன்பது நாள் வேலை செய்திருக்கிறது. அடுத்த இரண்டொரு நாளில் முட்டை வெளிவந்து புரோஜெஸ்டிரோன் வந்திருக்கும். வந்தால் அது மூன்று விதமாக பிரேக் போடும்: ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டரைக் குறைக்கும், வீரியமான ஈஸ்ட்ரடயாலை வீரியம் குறைந்த ஈஸ்ட்ரோனாக மாற்றும் நொதியைச் சுரப்பிச் செல்லில் தூண்டும், பிரிந்துகொண்டிருந்த செல்லைச் சுரக்கும் செல்லாகத் திருப்பும். ஸ்லைடு 2-ல் அந்த பிரேக் விழவே இல்லை. எட்டு நாளில் முடிய வேண்டியது எட்டு வாரம் ஓடியிருக்கிறது.

நிறுத்தாமல் ஓடினால் வளர்ச்சி எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. ஒரு சுரப்பி குழாயாகவே இருக்கும், பக்கத்துச் சுரப்பி பை போல உப்பியிருக்கும், இன்னொன்று மொட்டு விட்டுக் கிளைத்திருக்கும். நடுநடுவே சாதாரணச் சுரப்பிகளும் இருக்கும். செல்லைத் தனியாகப் பார்த்தால் ஸ்லைடு 1-ன் செல்லும் இதுவும் உடன்பிறந்தவை. வித்தியாசம் அமைப்பில்தான் இருக்கிறது. அதனால் 40 மடங்கில் போய் உட்காராதீர்கள். முதலில் 4 மடங்கில் முழு ஸ்லைடையும் ஒரு சுற்று சுற்றுங்கள்.

சுரப்பிக்கும் ஸ்ட்ரோமாவுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். ஒழுங்கு குலைந்த பெருக்க நிலையில் ஸ்ட்ரோமா போதிய அளவு இருக்கும். சுரப்பிகளின் பரப்பு ஸ்ட்ரோமாவின் பரப்பைத் தாண்டி நெருக்கியடித்தால் ஹைப்பர்பிளேசியா (அளவு மீறிய வளர்ச்சி). நெருக்கத்தோடு, அந்த இடத்துச் செல்களின் உட்கருவே சுற்றியுள்ள சுரப்பிகளிலிருந்து மாறியிருந்தால், அதாவது உருண்டு, வெளிறி, உட்கருமணி எடுப்பாகத் தெரிந்தால், அட்டிப்பியா. 2014 முதல் உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் அட்டிப்பியா உண்டு, இல்லை என்ற இரண்டே பிரிவு. எளியது, சிக்கலானது என்ற பழைய நான்கு பிரிவை எழுதுவதை விட்டுவிடலாம்.

---

பல்கலைநகர்_விலங்கியல்

மேலே டாக்டர் சொன்னதில் ஒரு திருத்தம், இல்லை, ஒரு சேர்க்கை. படிக்கிறவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் நேராகச் சுரப்பிச் செல்லுக்குள் புகுந்து அதைப் பிரிய வைக்கிறது என்று தோன்றலாம். நடப்பது அப்படியில்லை.

எலியில் செய்த திசுச் சேர்க்கை ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. ரிசெப்டர் உள்ள எலியின் எபிதீலியத்தையும் ரிசெப்டர் ஜீன் நீக்கப்பட்ட எலியின் ஸ்ட்ரோமாவையும் ஒட்டவைத்து ஈஸ்ட்ரடயால் கொடுத்தால் எபிதீலியம் பிரியாது. மாற்றி, ரிசெப்டர் இல்லாத எபிதீலியத்தை ரிசெப்டர் உள்ள ஸ்ட்ரோமாவின் மேல் வைத்தால் எபிதீலியம் பிரிகிறது. 1997-ல் குக், குன்ஹா முதலியோர் காட்டியது இது. ஆக, பிரியச் சொல்லும் உத்தரவு ஸ்ட்ரோமாவிலிருந்து வருகிறது. ஈஸ்ட்ரோஜனைக் கேட்ட ஸ்ட்ரோமா செல் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி முதலியவற்றைச் சுரந்து பக்கத்துச் சுரப்பிக்கு அனுப்புகிறது. எபிதீலியத்தின் சொந்த ரிசெப்டருக்கு வேறு வேலைகள் உண்டு.

புரோஜெஸ்டிரோனின் பிரேக்கும் பெரும்பாலும் இதே வழியில்தான். ஸ்ட்ரோமாவில் ஹேண்ட்-2 என்ற புரதத்தைத் தூண்டுகிறது. அது ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணிகளை அடக்குகிறது. சுரப்பிக்குப் போகும் செய்தி நிற்கிறது. இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் சுரப்பி-ஸ்ட்ரோமா விகிதத்துக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம் என்பது விளங்கும். ஸ்ட்ரோமா வெறும் இடைநிரப்பி அல்ல. முடுக்குவதும் நிறுத்துவதும் அதன் வழியாகத்தான்.

நேர அளவையும் சொல்லிவிடுகிறேன். கருப்பைக்குள் நீர் கோப்பது முதலில். எலியில் ஒரே ஊசிக்கு 6 மணி நேரத்தில் கருப்பையின் எடை கூடிவிடும். செல் பிரிதல் அதற்குப் பின்னால், ஒரு நாளை ஒட்டி வரும். நடுப்பெருக்கக் கட்டத்தில் ஸ்ட்ரோமாவில் தெரியும் நீர்க்கோப்பை இதோடு பொருத்திப் பாருங்கள்.

---

திருநகர்_பேத்

சரியான சேர்க்கை சார். நான் எழுதிய ஜீன் வரிசை இரண்டு வகைச் செல்லையும் ஒன்றாகப் போட்டுச் சொன்னது. பிரியும் உத்தரவு ஸ்ட்ரோமா வழியாக என்பதைச் சேர்த்தே படியுங்கள்.

---

மேலூர்_டாக்டரம்மா

ஸ்லைடு 2-ன் முன்கதையை நான் சொல்கிறேன். இரண்டு மாதம் தள்ளிப்போய்ப் பெரும்பாடு என்றால் பெரும்பாலும் முட்டை வெளிவராத சுழற்சி. ஃபாலிக்கிள் (சினைப்பையில் முட்டை இருக்கும் பை) வளரும், ஈஸ்ட்ரோஜன் சுரக்கும், ஆனால் வெடிக்காது. வெடிக்காவிட்டால் கார்பஸ் லூட்டியம் (வெடித்த ஃபாலிக்கிளே மாறி புரோஜெஸ்டிரோன் சுரப்பது) கிடையாது, புரோஜெஸ்டிரோனும் கிடையாது. தீட்டு நிற்கப்போகும் வயதில் இது சகஜம். பிசிஓஎஸ் உள்ள இளம்பெண்களிடமும் இதே தோற்றம் வரும். உடல் பருமன் தனிக் காரணம்: கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் நொதி ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோனாக மாற்றுகிறது, ஹார்மோனைக் கட்டி வைக்கும் புரதமும் ரத்தத்தில் குறைகிறது. தமாக்சிஃபென் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனை எதிர்க்கும், கர்ப்பப்பையில் ஓரளவு ஈஸ்ட்ரோஜனாகவே நடந்துகொள்ளும். கருப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை மட்டும் தனியாகக் கொடுப்பது தவறு. கூடவே மாதம் 12 முதல் 14 நாளாவது புரோஜெஸ்டோஜன் (புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் மருந்து) சேர வேண்டும். சினைப்பையில் கிரானுலோசா செல் கட்டி அரிது, ஆனாலும் ஸ்கேனில் சினைப்பையைப் பார்க்காமல் விடக் கூடாது.

ரத்தம் ஏன் இப்படிக் கொட்டுகிறது என்றால், இயல்பான தீட்டில் புரோஜெஸ்டிரோன் விழுந்ததும் சுருள் தமனிகள் எல்லாம் சேர்ந்து சுருங்கும். செயல் அடுக்கு முழுதும் ஒரே நேரத்தில் கழியும், சில நாளில் ஆறிவிடும். பிரேக் இல்லாமல் வளர்ந்த சவ்வில் இந்த ஒழுங்கு இல்லை. மேற்பரப்புக்கு அடியில் மெல்லிய சுவருள்ள சிரைக்குழாய்கள் விரிந்து, அங்கங்கே உறைகட்டி, இன்றைக்கு ஒரு திட்டு உடையும், நாளைக்கு வேறு திட்டு. ஸ்லைடில் ஃபைப்ரின் அடைப்புகளும், உருண்டு திரண்ட ஸ்ட்ரோமா உருண்டைகளும் இருக்கிறதா என்று பாருங்கள். அவை இருந்தால் ரத்தப்போக்கின் காரணம் ஸ்லைடிலேயே இருக்கிறது.

லேபில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஃபாரம் காலியாக வந்தால் திருப்பிக் கேளுங்கள். கடைசித் தீட்டு தேதி, சுழற்சி எத்தனை நாள், என்ன மாத்திரை, எத்தனை நாளாக என்பவை இல்லாமல் எண்டோமெட்ரியத்தைப் படிப்பது பாதி இருட்டில் நடப்பது. நம் பக்கத்தில் குறிப்பாக மாத்திரையைக் கேட்க வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கோ வீட்டு விசேஷத்துக்கோ தீட்டைத் தள்ளிப்போட நோரெத்திஸ்டிரோன் 5 மி.கி. ஒரு நாளைக்கு மூன்று வேளை போட்டிருப்பார்கள். மருந்துக்கடையில் நேராக வாங்கியது என்பதால் டாக்டரிடம் சொல்லவும் மாட்டார்கள். "மாத்திரை ஏதும் சாப்பிட்டீங்களா" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "தள்ளிப்போட ஏதும் போட்டீங்களா" என்று கேட்டால் சொல்வார்கள். அது ஒரு புரோஜெஸ்டோஜன். அதன் கீழ் சுரப்பி சுருங்கி, ஸ்ட்ரோமா செல் பருத்து டெசிடுவா (கர்ப்பகால உள்சவ்வு) போலாகும். அடியில் இருந்த ஈஸ்ட்ரோஜன் தோற்றத்தை அது மறைத்துவிடும்.

ஸ்கேன் தடிமனைப் பற்றி: தீட்டு வரும் வயதில் சவ்வு தீட்டின்போது 1 முதல் 4 மி.மீ.யும், முட்டை வெளிவருவதற்கு முன் 10, 11 மி.மீ. வரையும், பிற்பாதியில் அதற்கு மேலும் போகும். அந்த எண்ணை மட்டும் வைத்து ஹைப்பர்பிளேசியா என்று சொல்ல முடியாது. தீட்டு நின்றவருக்கு ரத்தம் பட்டால் கணக்கு வேறு. உள்வழி ஸ்கேனில் 4 மி.மீ.க்கு மேல் என்றால் பயாப்சி. 45 வயதும் அதற்கு மேலும் உள்ளவரின் முறையற்ற ரத்தப்போக்குக்கும், அதற்குக் கீழே பருமன், பிசிஓஎஸ் இருந்தாலும், ஸ்கேன் என்ன சொன்னாலும் திசு எடுத்துப் பார்ப்பதே சரி.

அட்டிப்பியா இல்லாத ஹைப்பர்பிளேசியா 20 ஆண்டில் புற்றாவது 5 சதவீதத்துக்கும் குறைவு. இல்லாத பிரேக்கை வெளியிலிருந்து போடுவதுதான் வைத்தியம்: கர்ப்பப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் வளையம், அல்லது குறைந்தது 6 மாதம் இடைவிடாத புரோஜெஸ்டோஜன் மாத்திரை, 6 மாதத்துக்கு ஒரு முறை மறுபடி பயாப்சி. அட்டிப்பியா என்றால் பேச்சே வேறு. ஸ்லைடு 2-ன் ரிப்போர்ட் இந்த இரண்டுக்கும் முந்தைய படியில் நிற்கிறது.

---

உசிலை_லேப்

தங்கச்சி, மூணாவது கேள்விக்கு வர்றேன். ஐஎச்சி ஒரு துண்டு நல்லா, ஒரு துண்டு மோசம்னா ஹார்மோன் மேல பழி போடுறதுக்கு முந்தி ஃபார்மலின் (திசுவைப் பதப்படுத்துற கரைசல்) டப்பாவைப் பாருங்க.

10 சதவீத பஃபர்டு ஃபார்மலின் ஒரு லிட்டருக்கு: கடையில வர்ற 37-40 சதவீத ஃபார்மால்டிஹைடு 100 மி.லி., டிஸ்டில்டு வாட்டர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரில்லாத டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். போர் தண்ணியில கலக்கவே கூடாது. நம்ம பக்கத்து உப்புத் தண்ணியில இருக்கற கால்சியம் பாஸ்பேட்டோட சேர்ந்து அடியில வெள்ளையா படிஞ்சிரும், பஃபர் போயிரும். பஃபர் இல்லாத ஃபார்மலின் நாள்பட அமிலமாகும். ரத்தத் துண்டுல கறுப்புப் புள்ளியா ஃபார்மலின் நிறமி விழும். டி அண்ட் சி சாம்பிள்ல பாதி ரத்தம்தான், சொல்லவே வேணாம்.

அளவு, திசு ஒரு பங்குன்னா ஃபார்மலின் பத்துப் பங்காவது வேணும். பென்சிலின் பாட்டில்ல தொண்டை வரைக்கும் துண்டை அடைச்சு மேலாப்ல ரெண்டு சொட்டு விட்டு அனுப்புனா நடுவுல இருக்கற துண்டு பதப்படாது. சலைன்ல போட்டு, சாயங்காலம் பஸ்ஸுல குடுத்துவிட்டு, மறுநாள் காலையில ஃபார்மலின்ல மாத்துனா அது செத்த சாம்பிள். சித்திரை, வைகாசி வெயில்ல பஸ் கேபினுக்குள்ள ஒரு மணி நேரமே ஜாஸ்தி. சுரப்பி எபிதீலியம் அடித்தளச் சவ்வை விட்டு உரிஞ்சு நடுவுல சுருண்டு கிடக்கும், உட்கரு மங்கும். எடுத்த உடனே ஃபார்மலின், அதுல 6 மணி நேரத்துக்குக் குறையாம, 72 மணி நேரத்துக்கு மேல போகாம. இதைக் காப்பாத்துனா ரிசெப்டர் ஸ்டெயின் முக்கால்வாசி சரியா வரும்.

துண்டு குட்டியா இருந்தா வடிகட்டித் தாள்ல மடிச்சு, ஒரு சொட்டு ஈயோசின் விட்டு கேசட்ல வைங்க. எம்பெட் பண்றப்ப கண்ணுக்குத் தெரியும். எல்லாத் துண்டும் ஒரே மட்டத்துல உட்காரணும். இல்லேன்னா முதல் செக்ஷன்ல பாதி துண்டுதான் வரும்.

செக்ஷன் 3 - 4 மைக்ரான். இதுல விட்டுக்கொடுக்காதீங்க. 6, 7 மைக்ரான்ல வெட்டுனா ஒரு உட்கரு மேல இன்னொண்ணு விழுந்து, இல்லாத அடுக்கெல்லாம் தெரியும். டாக்டர் மேல சொன்ன பல அடுக்குத் தோற்றம் உண்மையா, தடிமன் காட்டுற மாயமான்னு பிரிக்க முடியாது. ஹெமட்டாக்ஸிலினுக்கு அப்புறம் நீலம் ஏத்தறதுக்கு நம்ம குழாய்த் தண்ணியே காரமாத்தான் இருக்கும், சீக்கிரம் ஏறிடும். ஆனா ஒரு நாள் ஆத்துத் தண்ணி, ஒரு நாள் லாரித் தண்ணின்னு வர்ற எடத்துல நெறம் நாளுக்கு நாள் மாறும். அதுக்கு ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர்ல சோடியம் பைகார்பனேட் 3.5 கிராம், மெக்னீசியம் சல்பேட் 20 கிராம் கரைச்சு வச்சுக்கோங்க. ஒரு நிமிஷம் போதும்.

ஐஎச்சிக்கு ஆன்டிஜென் மீட்புக் கரைசல்: டிரிஸ் 1.21 கிராம், இடிடிஏ 0.37 கிராம், ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், பி.எச். 9-க்குக் கொண்டு வந்து ட்வீன் 20 அரை மி.லி. குக்கர்னா முழு அழுத்தம் வந்தப்புறம் 3 நிமிஷம். கரைசலோட அப்படியே 20 நிமிஷம் ஆற விடுங்க. சூடா வெளிய எடுத்தா செக்ஷன் காய்ஞ்சு ஓரம் மட்டும் பழுப்பாகும். அப்புறம் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிஷம். டி அண்ட் சில சிவப்பணுவோட சொந்தப் பெராக்சிடேஸ் ஜாஸ்தி. இந்தப் படியை ஒழுங்கா பண்ணலேன்னா ரத்தம் பூரா பழுப்பா எரியும். அதை ரிசெப்டர் பாசிடிவ்னு எண்ணிறக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் உட்கருவுல மட்டும்தான் எடுக்கணும்.

வெட்டி வச்ச செக்ஷன் எத்தனை நாள் பழசு? வாரக்கணக்குல அலமாரியில கிடந்ததுன்னா ரிசெப்டர் மங்கும்.

---

கோரிப்பாளையம்_மாணவி

எல்லாருக்கும் நன்றி. அண்ணே, நீங்கள் கேட்டது சரிதான். ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் போட்ட செக்ஷன் ஐந்து வாரம் முன்பு வெட்டியது. புரோஜெஸ்டிரோன் ரிசெப்டருக்குப் போன வாரம் புதிதாக வெட்டினார்கள். அதில் அந்த வெளிறிய துண்டும் சேர்த்து எல்லாத் துண்டிலும் சுரப்பி, ஸ்ட்ரோமா இரண்டும் நல்ல பழுப்பு.

டாக்டர், இன்னும் இரண்டு சந்தேகம். ஸ்லைடு 2-ல் மூன்று நான்கு சுரப்பிகளில் உட்கருவுக்குக் கீழே வெற்றிடக் குமிழி தெரிகிறது. அப்படியானால் முட்டை வெளிவந்திருக்கிறதா? இன்னொரு இடத்தில் சுரப்பிக்குள் சுரப்பி இருப்பது போல, இடைவெளியே இல்லாமல் நெருக்கமாக இருக்கிறது. அது ஹைப்பர்பிளேசியா இல்லையா?

---

திருநகர்_பேத்

குமிழியிலிருந்து தொடங்கலாம். முட்டை வெளிவந்ததன் முதல் அடையாளம் உட்கருவுக்குக் கீழான குமிழிதான், சந்தேகமில்லை. ஆனால் அது ஊர் முழுக்கத் தெரிய வேண்டும்: பாதிக்கு மேற்பட்ட சுரப்பிகளில், ஒவ்வொன்றிலும் பாதிக்கு மேற்பட்ட செல்களில், ஒரே வரிசையாக. உட்கருக்கள் ஒரே மட்டத்தில் மேலேறி, கீழே குமிழி வரிசை கட்டி நிற்கும். அங்கொன்று இங்கொன்றாக மூன்று நான்கு சுரப்பியில் இருப்பதை நீண்ட நாள் ஈஸ்ட்ரோஜன் மட்டும் இருக்கும் சவ்விலும் பார்க்கலாம். அதை வைத்து முட்டை வெளிவந்தது என்று எழுதக் கூடாது. அதே சுரப்பிகளில் மைட்டாசிஸும் சிலியாச் செல்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிலியா நிறைந்து, சைட்டோபிளாசம் இளஞ்சிவப்பாகி, ஃபாலோப்பியன் குழாயின் உட்பரப்பு போலவே இருக்கும் சுரப்பிகள் கிடைத்தால் அதுவும் ஈஸ்ட்ரோஜன் பக்கத்துச் சாட்சி. உருண்ட உட்கருவைப் பார்த்து அதை அட்டிப்பியா என்று நினைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

சுரப்பிக்குள் சுரப்பி: டி அண்ட் சியில் கியூரெட்டின் (சுரண்டும் கருவி) இழுப்பில் சுரப்பி தன்னுள் தானே செருகிக்கொள்ளும், கையுறையின் விரலை உள்ளே தள்ளியது போல. துண்டு நசுங்கி ஸ்ட்ரோமா உதிர்ந்துவிட்டால் மிஞ்சிய சுரப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். இரண்டும் கருவி செய்த நெருக்கம். உண்மையான நெருக்கத்தில் சுரப்பிகளுக்கு நடுவே மெலிந்தாவது உயிருள்ள ஸ்ட்ரோமா இருக்கும், ஓரங்கள் கிழிந்திருக்காது, சிதையாத துண்டுக்குள்ளேயே இருக்கும். விகிதம் கணக்கிட அப்படிப்பட்ட துண்டுகளை மட்டும் எடுங்கள். துண்டின் ஓரத்தையும் ரத்தத்தில் மிதக்கும் தனிச் சுரப்பிகளையும் விட்டுவிடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் பிளாக்கை இன்னும் இரண்டு மூன்று மட்டம் ஆழமாக வெட்டச் சொல்லுங்கள்.

வெளிறிய துண்டுக்கு விடை உங்கள் கையிலேயே வந்துவிட்டது. மனிதரின் எண்டோமெட்ரியத்தில் புரோஜெஸ்டிரோன் ரிசெப்டரை உண்டாக்குவது ஈஸ்ட்ரோஜன், தன் ரிசெப்டர் வழியாக. அந்தத் துண்டில் புரோஜெஸ்டிரோன் ரிசெப்டர் சுரப்பியிலும் ஸ்ட்ரோமாவிலும் நிறைந்திருக்கிறது, ஹெச்-இயில் (வழக்கமான ஸ்டெயின்) மைட்டாசிஸும் இருக்கிறது என்றால், அங்கே ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் வேலை செய்திருக்கிறது. ரிசெப்டர் திசுவில் இருந்தது, உங்கள் பழைய செக்ஷனில் மங்கிவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள்: வெளிறிய துண்டில் ஸ்ட்ரோமா உட்கருக்களும் வெளிறித்தானே இருந்தன? பெருக்க நிலையில் ஸ்ட்ரோமாவே நமக்கு உள் கட்டுப்பாடு. அதுவும் எடுக்கவில்லை என்றால் அந்தத் துண்டை நெகட்டிவ் என்று எழுத நமக்கு உரிமையில்லை. சுரக்கும் கட்டத்தின் பிற்பாதி என்றால் கணக்கு மாறும். அங்கே செயல் அடுக்கின் சுரப்பியில் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் உண்மையாகவே குறையும், அடி அடுக்கில் நிற்கும். கலந்த துண்டுகளில் ஒன்று பழுப்பு, ஒன்று வெளிறல் என்பது அப்போது இயல்பு. உங்கள் ஸ்லைடில் அந்தக் கட்டமே இல்லை.

---

உசிலை_லேப்

அப்ப மறுபடி போட்டுப் பாத்துருங்க தங்கச்சி. பிளாக்கை ஐஸ்ல வச்சு மேல ஒரு பத்து செக்ஷன் கழிச்சு, புதுசா 3 மைக்ரான்ல ஒண்ணு எடுங்க. அதே சார்ஜ்டு ஸ்லைடுல மேல ஓரமா ஸ்லைடு 1-ஓட பிளாக்ல இருந்து அடி அடுக்கும் தசையும் சேர்ந்த ஒரு செக்ஷனையும் ஏத்துங்க. அதுதான் கண்ட்ரோல், ரெண்டுக்கும் ஒரே சூடு, ஒரே கரைசல், ஒரே நேரம் கெடைக்கும். 60 டிகிரி ஓவன்ல ஒரு மணி நேரம் வச்சு, அன்னைக்கே ஸ்டெயின் பண்ணிருங்க. ராத்திரி வைக்க வேணாம்.

---

கோரிப்பாளையம்_மாணவி

சரிங்கண்ணே. ஸ்ட்ரோமாவும் வெளிறித்தான் இருந்தது டாக்டர், இப்போது எடுத்துப் பார்த்தேன். பிளாக் இரண்டையும் கேட்டு வாங்கிவிட்டேன், நாளைக் காலை வெட்டுகிறோம்.